கிளினிக்குக்கு முதல் நாள் சாப்பாடு

1. கேட்டு நின்ற நாள்

என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் சாப்பாட்டுக் கடைகளில் என்னென்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கறிச் சட்டிகளுக்கு மூடி வந்துவிடும். பராட்டா போடுகிறவரின் தலையில் தொப்பி ஏறும். நேற்றைய வடைகள் பின்கதவால் வெளியேறும். முதலாளி கதிரையைத் துடைத்துப் போட்டு, "வாங்கோ ஐயா, இருங்கோ" என்று வாய் நிறையச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு துளி அன்பும் இருக்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பக்கத்துப் பேச்சில் பி.எச்.ஐ., என்றால் வழக்குப் போடுகிறவன். வேலைக்கு வந்த நாளிலிருந்து என்னை அப்படித்தான் பார்த்தார்கள். அதில் எனக்குக் கவலையும் இருந்ததில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு கடையில் போய் ஒன்றைக் கேட்டு நிற்க வேண்டி வந்தது.

அந்த நாட்களில் எங்கள் பிரிவிலுள்ள கரையோர ஊர் ஒன்றிலிருந்து சலரோகத்தால், அதாவது நீரிழிவால், கால் எடுக்கப்பட்டவர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். எல்லோரும் கடல் தொழில் செய்தவர்கள். ஊரின் பெயரை எழுதமாட்டேன். வங்காலைக்கும் அரிப்புக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் கடை தெரிந்துவிடும், கடை தெரிந்தால் ஆளும் தெரிந்துவிடும்.

எங்கள் எம்.ஓ.எச்., அதாவது பிரிவுக்குப் பொறுப்பான சுகாதார வைத்திய அதிகாரி, கந்தோரில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வீடு வீடாப் போய்க் கதைச்சாச்சு. தொழிலுக்குப் போறவங்கள் வீட்டிலையோ சாப்பிடுறாங்கள்? கடையிலைதான். நீங்கள் கடைக்காரரோடை கதையுங்கோ. சீனி, உப்பு, எண்ணெய் குறைஞ்ச சாப்பாடு ஒண்டாவது ஒவ்வொரு கடையிலும் இருக்கோணும்."

"இதுக்குச் சட்டம் ஒண்டும் இல்லையே சேர்" என்றேன்.

"அதாலைதான் கதையுங்கோ எண்டு சொல்லுறன்."

அந்த ஊரில் பெரிய கடை றெஜினாவின் கடை. சிறு வயதில் பெற்றோருடன் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு கணவனோடு திரும்பி வந்தவர். கணவன் அலோசியஸ் இராமநாதபுரத்தில் ஒரு கடையில் பராட்டா போட்டுப் பழகியவர். அடுப்பும் கல்லும் அவருடையவை. கடையும் கதையும் றெஜினாவுடையவை.

நான் உள்ளே போனதும் றெஜினா கைகளை விரித்துக் காட்டினார். "எல்லாம் மூடித்தான் வைச்சிருக்கிறன் ஐயா. வடிவாப் பாருங்கோ."

"நான் பார்க்க வரேல்லை தங்கச்சி. ஒண்டு கேட்க வந்தனான்."

"என்னட்டையோ?"

சந்தேகத்தோடுதான் கதிரையைத் தந்தார். நான் விசயத்தைச் சொன்னேன். வெள்ளைப் பச்சையரிசிக்குப் பதிலாகச் சிவப்பரிசி, காலையில் இலைக்கஞ்சி, குரக்கன் என்கிற கேழ்வரகில் புட்டு, தேங்காய்ப்பூப் போட்டு வறுத்த ஒரு கீரை வறை, பொரிக்காத மீன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அது சம்மதத் தலையாட்டு அல்ல. சிறுபிள்ளை கதை சொன்னால் ஆட்டுவோமே, அந்த மாதிரி.

மூலை மேசையில் இருந்த ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "உப்பைக் குறைச்சுக் குழம்பு வைச்சா நாங்கள் ஒரு வாளி கடல் தண்ணியையும் கொண்டு வந்துதான் சாப்பிடோணும் ஐயா."

அவர்தான் சூசையண்ணை. கரைவலை இழுக்கிறவர். கரையில் நின்று ஆட்கள் இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுக்கும் பெரிய வலை அது. மணலில் குதிக்காலை ஊன்றிப் பின்னால் பின்னால் நடக்க வேண்டும். செருப்போடு இழுக்க முடியாது. சூசையண்ணை கயிற்றின் முன் ஆள். அவர் கால் ஊன்றினால்தான் மற்றவர்களுக்கு ஊன்றப் பிடி கிடைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். மனைவி தவறிப்போன பிறகு மூன்று நேரச் சாப்பாடும் றெஜினாவின் கடையில்தான். அவருக்கு முன்னால் இருந்த தேத்தண்ணியில் கரண்டி சாயாமல் நிற்கும் அளவுக்குச் சீனி இருந்தது. கால் பெருவிரலில் ஒரு துணிச் சுற்று.

"உதென்ன அண்ணை காலிலை?"

"கெளுத்தி முள் ஐயா. அது எங்களுக்குப் பழக்கம்."

"சீனி வருத்தம் இருக்கோ?"

"இருக்குத்தான். புதன்கிழமைக் கிளினிக்குக்குப் போறனான். டொக்டர் அம்மா பேசுறவ."

றெஜினா இடையில் புகுந்தார். "பேசுறவ எண்டு லேசாச் சொல்லுறார். போன மாசம் ஆஸ்பத்திரியாலை அழுதுகொண்டு வந்தவர்."

சூசையண்ணை கீழே குனிந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். நான் றெஜினாவிடம் திரும்பி, "இவர் உம்மடை கையாலை மூண்டு நேரமும் சாப்பிடுறவர். இவருக்காக எண்டாலும் செய்து பாரும்" என்றேன். அதற்குத்தான் அவர் முதல் முறையாக உண்மையாகத் தலையாட்டினார்.

2. பலகை

றெஜினா சொன்ன சொல் தவறாதவர். அடுத்த கிழமையே குரக்கன் மா வாங்கினார். முதல் புட்டு கல்லுப் போல வந்தது. இரண்டாம் தடவை கோதுமை மாவைக் கொஞ்சம் கலந்து, தேங்காய்ப்பூவைக் கூட்டி அவித்தார். வாயில் வைக்கக்கூடியதாக இருந்தது. சூடை மீனைப் புளியும் மிளகும் போட்டு வற்ற வைத்தார். முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல். அலோசியஸ் பராட்டாக் கல்லுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என் பங்குக்கு ஒரு பலகை செய்வித்தேன். பச்சை நிறத்தில், "நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கான சுகாதார உணவு இங்கே கிடைக்கும்." எம்.ஓ.எச். வந்து அதை மாட்டி வைத்தார். படம் எடுத்தோம்.

பலகை மாட்டிய நாளிலிருந்து அந்தச் சாப்பாட்டுக்கு ஊரில் ஒரு பெயர் வந்தது. கிளினிக் சாப்பாடு. இளம் பெடியன் ஒருவன் குரக்கன் புட்டுக் கேட்டால் பக்கத்து மேசையில் இருப்பவர், "என்னடா, உனக்கும் சீனி வந்திட்டுதோ?" என்பார். பெண் பார்க்க வந்த வீட்டார் கடையில் இறங்கினால் அந்தப் பக்கம் கையும் நீட்டமாட்டார்கள். நோயாளிகளுக்கு என்று எழுதி வைத்ததை நோயில்லாதவன் ஏன் தின்னப் போகிறான்? அதைப் பலகை எழுதும்போது நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

நோயாளிகளாவது சாப்பிடுகிறார்களே என்று ஆறுதல்பட்டேன். அந்த ஊருக்கு என்னுடைய சுற்று செவ்வாய்க்கிழமை. எந்தச் செவ்வாய் போனாலும் றெஜினாவின் கடையில் குரக்கன் புட்டுச் சட்டி வெறுமையாக இருக்கும். இலைக்கஞ்சி காலையிலேயே முடிந்துவிடும். சூசையண்ணையும் சில செவ்வாய்களில் சிவப்பரிசிச் சோறும் வறையுமாக, சீனியில்லாத தேத்தண்ணியோடு இருந்தார்.

"நல்லாப் போகுது போல" என்பேன்.

"செவ்வாய்க்கிழமையிலை தட்டுப்பாடு ஐயா" என்பார் றெஜினா.

நான் கந்தோருக்குப் போய் நல்ல அறிக்கை எழுதுவேன். எம்.ஓ.எச். மற்றப் பி.எச்.ஐ.மாருக்கு என்னை உதாரணம் காட்டினார். சந்தோசமாகத்தான் இருந்தது, ஏன் மறைப்பான். வழக்குப் போட்டு வாங்க முடியாத ஒன்றைக் கதைத்து வாங்கியிருந்தேன்.

3. வியாழக்கிழமை

ஒருமுறை மழைக்குப் பிறகு அந்த ஊரில் ஒரு பொதுக் கிணற்றுக்குக் குளோரின் போட வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை மழை விடவில்லை. வியாழக்கிழமை போனேன். வேலை முடிந்து பசியோடு றெஜினாவின் கடைக்குள் நுழைந்தேன்.

கடை நிறைய ஆட்கள். அலோசியஸின் கை ஓயவில்லை. எல்லா மேசையிலும் பராட்டா, மாட்டிறைச்சிக் கறி, ரின்னில் வரும் இனிப்புப் பால் ஊற்றிய தேத்தண்ணி. நான் குரக்கன் புட்டுக் கேட்டேன்.

றெஜினா என்னைப் புதினமாகப் பார்த்தார். "இண்டைக்கு வியாழன் எல்லோ ஐயா."

"வியாழனெண்டா?"

"கிளினிக் நேற்று முடிஞ்சுது. இனி ஆர் அதைச் சாப்பிடப் போகினம்? திங்கள், செவ்வாயிலைதான் நான் அவிக்கிறது."

விளங்காமல் நின்றேன். அவர் எந்த ஒளிவும் இல்லாமல், பெருமையோடும்கூட, விளக்கினார். மாதத்தில் ஒரு புதன் ஒவ்வொருவருக்கும் கிளினிக். காலையில் வெறுவயிற்றில் இரத்தம் எடுப்பார்கள். சீனி கூடியிருந்தால் டொக்டர் அம்மா எல்லோருக்கும் முன்னால் ஏசுவார். ஆகவே தங்கள் புதன் வரும்போது, அதற்கு முந்திய இரண்டு நாளும் சனம் வாயைக் கட்டும். சிலர் செவ்வாய் இரவு தண்ணீரோடு படுப்பார்கள். புதன் இரத்தம் கொடுத்து, நல்ல நம்பர் வாங்கி, நேரே இங்கே வந்து பராட்டா.

"தவக்காலம் மாதிரித்தான் ஐயா. ஒறுத்தல் இருந்தா பிறகு பாஸ்குத் திருநாள் கொண்டாடத்தானே வேணும். உங்கடை சாப்பாடு வந்ததுக்குப் பிறகு சனத்துக்கு நல்ல வசதி. முந்திப் பட்டினி கிடந்ததுகள். இப்ப புட்டுச் சாப்பிட்டே நம்பரை இறக்குதுகள்."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். எத்தனை செவ்வாய்க்கிழமைகள். ஒவ்வொரு தடவையும் வெறுஞ்சட்டியைப் பார்த்துச் சந்தோசப்பட்டிருந்தேன். ஒவ்வொரு கிழமையும் வேறு வேறு ஆட்கள் என்பதைக் கவனிக்கவேயில்லை.

மூலை மேசையில் சூசையண்ணை இருந்தார். முன்னால் பராட்டா. ஒரு காலில் செருப்பு, மற்றக் காலில் பொலித்தீன் பையைச் சுற்றி றப்பரால் கட்டியிருந்தார். கிட்டப் போனதும் மணம் வந்தது. இறைச்சிக் கறியின் மணத்தையும் தாண்டி வந்தது. இந்த வேலையில் இருந்தவர்கள் அந்த மணத்தை ஒருநாளும் மறக்கமாட்டார்கள்.

"அண்ணை, காலைக் காட்டுங்கோ."

"சாப்பிட்டிட்டு."

"இப்ப காட்டுங்கோ."

பையை அவிழ்த்தார். பெருவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. பாதத்தின் மேல்பக்கம் வீங்கி மினுங்கியது. நான் வாய் திறக்க முன்னர் அவரே சொன்னார். "நோவு இல்லை ஐயா. நோவு ஒண்டும் இல்லை."

நோவில்லாததுதான் பயம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது. "நேற்றுக் கிளினிக்கிலை இதைக் காட்டினீங்களோ?"

"சீனி நல்லாக் கிடக்கேக்கை காலை ஏன் காட்டுவான்? டொக்டர் அம்மா என்ன சொன்னவ தெரியுமோ? 'சூசை ஐயா நல்லம், இப்பிடியே இருங்க' எண்டு சொன்னவ. மூண்டு மாசமா என்னை ஒரு பேச்சுப் பேசேல்லை."

அந்த முகத்தில் இருந்த மகிழ்ச்சியை இப்போதும் என்னால் நினைத்துத் தாங்க முடியவில்லை. பரீட்சையில் சித்தியடைந்தவரின் முகம் அது. காலைக் காட்டினால் வலைக்குப் போகக்கூடாது என்பார்கள் என்ற பயமும் உள்ளுக்குள் இருந்திருக்கும். ஆனால் அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். சொன்னபோது அவர் முழு மனதோடு நம்பினார்.

பராட்டாவை முடிக்க விடவில்லை. றெஜினா ஓட்டோ ஒன்றைக் கூப்பிட்டார். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன்.

4. இடது கால்

உள்ளூர் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளவில்லை. அம்புலன்சில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

கிளினிக் டொக்டர் தெற்கிலிருந்து வந்த இளம் பெண். வந்த பிறகுதான் தமிழ் படித்தவர். நான் போய் அவரிடம் விசயத்தைச் சொன்னேன். மூன்று மாதத்துச் சீனிக் கணக்கைச் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. அதற்கு இரத்தத்தை நகரத்துக்கு அனுப்ப வேண்டும். நாட்டின் பொருளாதாரம் விழுந்து கிடந்த அந்த நாட்களில் அதற்கான இரசாயனம் வருவதேயில்லை. அவரிடம் இருந்தது அந்தப் புதன்கிழமை நம்பர் மட்டும்தான்.

"நான் ஏசினது அவங்கட நன்மைக்கு" என்றார். "அவங்க எனக்காகச் சாப்பிடாம வந்திருக்கிறாங்க. எனக்குத் தெரியாது."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரிசையில் அத்தனை பேரை வைத்துக்கொண்டு ஒருவர் என்னதான் செய்வார். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு நோயாளியையும் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்த்துத்தான் நம்பரைப் பார்த்தார்.

றெஜினாவைப் பார்க்க நான் தயங்கித் தயங்கித்தான் போனேன். கடை திறந்திருந்தது, அடுப்பு எரியவில்லை. பலகையைக் கழற்றிச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்.

"இதைக் கொண்டு போங்கோ ஐயா."

"நான் கழட்டத்தான் வந்தனான்."

"மூண்டு நேரமும் என்ரை கையாலை போட்டுக் குடுத்தனான். செவ்வாய் புட்டையும் நான்தான் குடுத்தன், புதன் பராட்டாவையும் நான்தான் குடுத்தன். நம்பர் நல்லம் எண்டு வந்து சொன்னா இன்னொரு துண்டு இறைச்சி கூடவும் போட்டனான், சந்தோசத்திலை." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அழுகையை விட அந்த இன்னொரு துண்டு இறைச்சிதான் என்னை உலுக்கியது.

அலோசியஸ் கல்லுக்குப் பின்னாலிருந்து முதல் தடவையாகப் பேசினார். "மற்றக் கால் இருக்குதுதானே ஐயா. அதைப் பார்ப்பம்."

5. எல்லோருக்கும் ஒரே சட்டி

அந்த மற்றக் காலுக்காகத்தான் அதற்குப் பிறகு நாங்கள் செய்த எல்லாம். கூட்டமில்லை, படமில்லை, எம்.ஓ.எச். வந்து மாட்டப் பலகையும் இல்லை. றெஜினாவும் அலோசியஸும் நானும் மேசையில் இருந்து கதைத்தோம்.

நோயாளிக்கு வேறு சட்டி, மற்றவர்களுக்கு வேறு சட்டி என்பதை முதலில் ஒழித்தோம். கடையில் இனி ஒரே சோறு, சிவப்பரிசி. கேட்டால் "இண்டைக்கு இதுதான்" என்று சொல்ல வேண்டும், எந்த நாளும். குழம்பில் உப்பை ஒரேயடியாகக் குறைக்காமல் கிழமைக்குக் கிழமை குறைப்பது என்று அலோசியஸ் சொன்னார். நாக்கு கண்டுபிடிக்காமல் ஏமாற்ற வேண்டும் என்றார். பராட்டாவை நிறுத்த முடியாது. நிறுத்தினால் கடை படுத்துவிடும். ஆனால் பராட்டாவுக்கு முன்னால் ஒரு தட்டு வறையும் சம்பலும் தானாக மேசைக்கு வரும்.

சீனிதான் பெரிய தலையிடி. எங்கள் பக்கத்தில் சீனி குறைந்த தேத்தண்ணி கொடுத்தால் கஞ்சத்தனம் என்பார்கள், வந்தவரை மதிக்கவில்லை என்பார்கள். றெஜினா யோசித்து ஒரு வழி கண்டார். தேத்தண்ணி வெறுமையாக வரும், பக்கத்தில் சிறு தட்டில் சீனி. சண்டைக் காலத்தில் பொருட்தடை இருந்தபோது, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு தேத்தண்ணி குடித்த சனம் இது. அந்தப் பழக்கம் கைகளுக்கு மறக்கவில்லை. நக்கிக் குடிக்கிறவன் கரண்டிக் கணக்கில் குடிப்பதில்லை.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் பொய். ஒரு பகுதி ஆட்கள் சந்தியில் உள்ள மற்றக் கடைக்குப் போய்விட்டார்கள். "றெஜினா ஆஸ்பத்திரி நடத்துறா" என்று பகிடி பண்ணினார்கள். அலோசியஸ் இரண்டு மூன்று தடவை பழையபடி மாற்றுவோமா என்று என்னிடம் கேட்டார். கேட்கும்போது கண்ணைப் பார்க்கமாட்டார். போனவர்களில் பலர் திரும்பினார்கள், சிலர் வரவேயில்லை. றெஜினா மட்டும் மாற்றத்துக்கு ஒரு நாளும் சம்மதிக்கவில்லை.

6. ஏச்சு

சூசையண்ணை ஊன்றுகோலோடு ஊருக்கு வந்தார். வலைக்குப் போக முடியாது. கரையில் ஒரு பெட்டியில் இருந்து மீன் பிரித்துக் கொடுப்பார். பழைய பகிடிகள் குறைந்துவிட்டன. மூன்று நேரமும் றெஜினாவின் கடையில்தான்.

ஊருக்குத் திரும்பிய பின் அவருடைய முதல் கிளினிக்குக்கு முந்திய நாள் நான் அங்கே இருந்தேன். மத்தியானம் றெஜினா சோற்றைப் போட்டுக்கொண்டு வந்தார். சூசையண்ணை தட்டைத் தள்ளிவிட்டார்.

"வேண்டாம் பிள்ளை. கொஞ்சம் கஞ்சித் தண்ணி தா."

"ஏன் அண்ணை, சுகமில்லையோ?"

"நாளைக்குக் கிளினிக்."

ஒரு காலை அப்படித்தான் தொலைத்தவர், மற்றக் காலோடும் அதே வரிசையில் போய் நிற்கப் பார்க்கிறார். கோபம் வந்தது, அதோடு அழுகையும் வந்தது. றெஜினா தட்டைத் திரும்ப எடுக்கவில்லை. அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"நேற்று என்ன சாப்பிட்டனீங்களோ அதைத்தான் இண்டைக்கும் சாப்பிடோணும்."

"குறைச்சுச் சாப்பிட்டாத்தானே நல்ல நம்பர் வரும்."

"நல்ல நம்பர் வந்துதானே அண்ணை அந்தக் கால் போனது."

பராட்டாக் கல்லில் கரண்டி நின்றது. சூசையண்ணை கீழே பார்த்தார். இடது பக்கச் சாரம் வெறுமையாகத் தொங்கியது.

"கூடி இருந்தா அந்த டொக்டர் பிள்ளை எல்லாருக்கும் முன்னாலை பேசும். எனக்கு அது தாங்கேலாது" என்றார். அந்த வயதில் ஒரு ஆம்பிளை அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

"பேசட்டும். நானும் வாறன். எனக்கும் சேர்த்துப் பேசட்டும்" என்றார் றெஜினா.

சூசையண்ணை சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். இரவும் சாப்பிட்டிருக்கிறார். புதன் காலை றெஜினா கடையை அலோசியஸிடம் விட்டுவிட்டு அவரோடு போனார். சீனி கூடித்தான் இருந்தது. டொக்டர் அம்மா ஏசவில்லை. கதிரையைக் கிட்ட இழுத்து இருந்து, என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். குளிசைக்குப் பதிலாக இன்சுலின் ஊசி எழுதினார். அதை எப்படிப் போடுவது என்று றெஜினாவுக்குக் காட்டினார்.

மத்தியானம் நான் கடைக்குப் போனபோது சூசையண்ணை உள்ளங்கையில் துளி சீனியை வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி அண்ணை?"

"பெயில் ஐயா" என்றார். "ஆனா அவ என்னைப் பேசேல்லை."

7. புதிதாக வந்தவர்களுக்கு

தம்பி தங்கைகளே, நீங்களும் கடை கடையாகப் போகத்தான் போகிறீர்கள். இப்போது மேலிடத்திலிருந்து இதற்குப் பலகைகளும் வருகின்றன, பயிற்சிகளும் வருகின்றன. போங்கள். ஆனால் சுற்று நாளை மாற்றி மாற்றிப் போங்கள். ஒரே கிழமை நாளில் போகிறவனுக்கு ஊர் ஒரே முகத்தைத்தான் காட்டும். சட்டி வெறுமையாக இருந்தால் யார் சாப்பிட்டார்கள், எந்த நாளில் சாப்பிட்டார்கள், அடுத்த நாள் அதே ஆள் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். நோயாளிக்கு என்று தனிச் சாப்பாடு வைக்கச் சொல்லாதீர்கள். எல்லோரும் சாப்பிடும் சட்டியை மாற்றச் சொல்லுங்கள். அது கஷ்டம், காலம் எடுக்கும், படம் எடுக்கவும் ஒன்றும் இருக்காது. இன்னொன்று. உங்களைப் பார்த்துப் பயப்படுகிற சனம் உங்களுக்கு நல்லதை மட்டுமே காட்டும். எங்களுக்கு அந்தப் பயம் வசதியாக இருக்கலாம். அதற்கு விலை கொடுப்பவர்கள் அவர்கள்.

நான் ஓய்வு பெற்று இப்போது ஒரு தீவில் இருக்கிறேன். மாதத்தில் ஒருமுறை றெஜினாவுக்குத் தொலைபேசி எடுப்பேன். கடை எப்படி, அலோசியஸ் எப்படி, மழை பெய்ததா என்றெல்லாம் கேட்கத்தான் எடுக்கிறேன். எதையும் கேட்க விடமாட்டார். என் குரலைக் கேட்டதும் முதலில் சொல்வது இதுதான்.

"கால் இருக்குது ஐயா."